சென்ட்ரேலியா, பென்சில்வேனியா

சென்ட்ரேலியா, ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், கொலம்பியா கவுண்டியின் தென்பகுதியில் அமைந்துள்ள ஒரு சிற்றூர் ஆகும். இது பரோ எனப்படும் உள்ளாட்சி அமைப்பைக் கொண்டது. 1890-ஆம் ஆண்டில் 2,761 மக்கள் வாழ்ந்த இவ்வூரில், 2020-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி 5 பேரே இருந்தனர். ஊருக்கு அடியிலுள்ள நிலக்கரிப் படுகையில் 1962-ஆம் ஆண்டு பற்றிய தீ இன்றும் அணையவில்லை. இத்தீயின் காரணமாக 1980-களில் ஊர் மக்களில் பெரும்பாலோர் அரசின் இழப்பீட்டைப் பெற்றுக்கொண்டு வெளியேறினர். எஞ்சிய சிலர் பல ஆண்டுகள் வழக்காடி, தம் வாழ்நாள் முழுதும் அங்கேயே இருக்கும் உரிமையை 2013-ஆம் ஆண்டில் பெற்றனர்.

பரோ என்னும் அமைப்பு

பென்சில்வேனியாவின் உள்ளாட்சி அமைப்புகளில் நகரம், பரோ, டவுன்ஷிப் ஆகியவை முதன்மையானவை. பரோ என்பது பொதுவாக நகரத்தைவிடச் சிறியது. வீடுகள் நெருக்கமாக அமைந்த, தனக்கென எல்லை வரையறுக்கப்பட்ட ஊராக இருக்கும். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் மேயரும் இதனை நிருவகிப்பர். சுரங்கத் தொழிலால் வளர்ந்த பல சிற்றூர்கள் 19-ஆம் நூற்றாண்டில் தம்மைச் சூழ்ந்த டவுன்ஷிப்பிலிருந்து பிரிந்து பரோக்களாயின. சென்ட்ரேலியா 1866-ஆம் ஆண்டில் இத்தகுதியைப் பெற்றது. மக்கள் தொகை குறைந்ததால் மட்டும் ஒரு பரோ தானாகக் கலைந்து போவதில்லை. சில வீடுகளே மிஞ்சிய பின்னரும் சென்ட்ரேலியா கணக்கெடுப்பில் தனி ஊராகவே பதிவாகி வருவதற்கு இதுவே காரணம்.

புவியியல்

இவ்வூர் அப்பலாச்சிய மலைத்தொடரைச் சார்ந்த மலைப்பகுதியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 450 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. இதன் பரப்பளவு ஏறத்தாழ 0.6 சதுர கிலோமீட்டர் ஆகும். கோனிங்கம் டவுன்ஷிப் இதனைச் சூழ்ந்துள்ளது. தெற்கே ஆஷ்லாந்து, மேற்கே மவுண்ட் கார்மல் ஆகியவை அருகிலுள்ள ஊர்கள். மாநில நெடுஞ்சாலைகள் 61, 42 ஆகிய இரண்டும் இங்கே சந்திக்கின்றன.

வடகிழக்குப் பென்சில்வேனியாவில் அந்த்ரசைட் என்னும் கடினவகை நிலக்கரி மிகுதியாகக் கிடைக்கிறது. கரிமம் மிகுந்திருப்பதால் இது புகை குறைவாகவும் வெப்பம் மிகுதியாகவும் எரியும். பற்றவைப்பது கடினம், பற்றிய பின் அணைப்பதும் கடினம். இப்பகுதியில் நிலக்கரி அடுக்குகள் கிடைமட்டமாக அமையாமல், மடிந்தும் சாய்ந்தும் ஆழத்துக்குச் செல்கின்றன. பிற்காலத்தில் தீயைத் தடுக்க மேற்கொண்ட முயற்சிகளுக்கு இந்த அமைப்பு பெரும் இடையூறாக இருந்தது.

வரலாறு

1832-ஆம் ஆண்டில் இங்கு புல்ஸ் ஹெட் என்னும் விடுதி திறக்கப்பட்டது. ஊரும் முதலில் அப்பெயராலேயே அழைக்கப்பட்டது. 1842-இல் லோகஸ்ட் மவுண்டன் நிலக்கரி இரும்பு நிறுவனம் இந்நிலத்தை வாங்கியது. அந்நிறுவனத்தின் சுரங்கப் பொறியாளர் அலெக்சாண்டர் ரியா தெருக்களையும் மனைகளையும் வகுத்து ஊரைத் திட்டமிட்டார். சிறிது காலம் சென்டர்வில் என்று வழங்கிய ஊர், அதே பெயரில் வேறோர் ஊர் இருந்ததால், 1865-இல் சென்ட்ரேலியா எனப் பெயர் மாற்றம் பெற்றது.

1854-இல் தொடர்வண்டிப் பாதை அமைந்தது. 1856-இல் முதல் இரண்டு சுரங்கங்கள் திறக்கப்பட்டன. சுரங்கத் தொழிலாளர்களுக்கும் நிறுவனங்களுக்கும் இடையே கடும் பகைமை நிலவிய காலம் அது. அயர்லாந்திலிருந்து வந்த தொழிலாளர்களிடையே இயங்கியதாகக் கூறப்படும் மோலி மகுவயர்ஸ் என்னும் மறைமுகக் குழுவின் பெயர் இப்பகுதியில் பரவலாகப் பேசப்பட்டது. 1868 அக்டோபர் 17 அன்று ஊரைத் திட்டமிட்ட அலெக்சாண்டர் ரியா ஊருக்கு வெளியே கொலை செய்யப்பட்டார். இக்கொலைக்காக மூவர் 1878 மார்ச் 25 அன்று கவுண்டியின் தலைநகரான புளூம்ஸ்பர்க்கில் தூக்கிலிடப்பட்டனர்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஊர் தன் உச்சத்தை எட்டியது. ஏழு தேவாலயங்கள், ஐந்து தங்கும் விடுதிகள், இருபத்தேழு மதுக்கடைகள், இரண்டு அரங்குகள், ஒரு வங்கி, ஓர் அஞ்சலகம், பதினான்கு மளிகை மற்றும் பொதுக் கடைகள் ஆகியவை இங்கு இருந்தன.

பென்சில்வேனியாவில் அந்த்ரசைட் உற்பத்தி 1917-ஆம் ஆண்டையொட்டி உச்சத்தை அடைந்து, பின்னர் சரியத் தொடங்கியது. வீடுகளைச் சூடாக்க மக்கள் எண்ணெய்க்கும் இயற்கை எரிவளிக்கும் மாறியது இதற்கு முதன்மையான காரணம். 1929-ஆம் ஆண்டுப் பங்குச் சந்தை வீழ்ச்சியை அடுத்து, லீஹை வேலி நிலக்கரி நிறுவனம் இங்கிருந்த ஐந்து சுரங்கங்களை மூடியது. வேலையிழந்தோர் சிலர் கைவிடப்பட்ட சுரங்கங்களில் அனுமதியின்றிக் கரி எடுத்தனர். மேற்கூரையைத் தாங்குவதற்காக விடப்பட்டிருந்த கரித்தூண்களையும் வெட்டினர். இதனால் பல சுரங்கப் பாதைகள் இடிந்து விழுந்தன. 1950-இல் ஊர் மன்றம் தன் எல்லைக்கு அடியிலுள்ள நிலக்கரியின் உரிமையைப் பெற்றது. 1966-இல் தொடர்வண்டிப் போக்குவரத்து நின்றது.

மக்கள் வகைப்பாடு

பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் கணக்கெடுப்புகளில் ஊரின் மக்கள் தொகை பின்வருமாறு அமைந்தது.

1870 – 1,342
1880 – 1,509
1890 – 2,761
1900 – 2,048
1910 – 2,429
1940 – 2,449
1950 – 1,986
1960 – 1,435
1970 – 1,165
1980 – 1,000-க்குச் சற்று மேல்
1990 – 63
2000 – 21
2010 – 10
2020 – 5

இவ்வெண்களில் இரு வேறு வீழ்ச்சிகளைக் காணலாம். முதலாவது, தொழில் நலிவால் ஏற்பட்டது. 1940-க்கும் 1960-க்கும் இடையில், தீப் பற்றுவதற்கு முன்னரே, ஊர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்திருந்தது. நிலக்கரியை நம்பியிருந்த அண்டை ஊர்களும் இதே காலத்தில் இவ்வாறே சுருங்கின. இரண்டாவது வீழ்ச்சி சென்ட்ரேலியாவுக்கே உரியது. 1980-க்கும் 1990-க்கும் இடையில் மக்கள் தொகை ஏறத்தாழ 94 விழுக்காடு குறைந்தது. முதல் வீழ்ச்சியில் வேலை தேடி மக்கள் சிறிது சிறிதாகச் சென்றனர். இரண்டாவதில் அரசுத் திட்டத்தின்கீழ் குடும்பம் குடும்பமாகச் சென்றனர். தீ மூண்ட 1962-க்குப் பின்னரும் இருபது ஆண்டுகள் ஏறத்தாழ ஆயிரம் பேர் இங்கேயே வாழ்ந்தனர் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு 21 பேர், 10 இல்லங்கள், 7 குடும்பங்கள் இருந்தன. மக்களடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 34 பேர் ஆகும். அனைவரும் வெள்ளை இனத்தவர். ஆண்கள் 11 பேர், பெண்கள் 10 பேர். 18 வயதுக்கு உட்பட்டவர் ஒருவர், 18 முதல் 24 வரை ஒருவர், 25 முதல் 44 வரை நால்வர், 45 முதல் 64 வரை எழுவர், 65-உம் அதற்கு மேலும் எண்மர். இடைநிலை வயது 62. ஓர் இல்லத்தின் சராசரி அளவு 2.10 பேர். 2010-இல் 10 பேரும் 5 இல்லங்களும் இருந்தன. அப்போது இடைநிலை வயது 62.5 ஆகும்.

இத்தகைய சிற்றூர்களின் புள்ளிவிவரங்களைப் படிக்கும்போது கவனம் தேவை. 2000-இல் 18 வயதுக்கு உட்பட்டோர் 4.8 விழுக்காடு என்று கூறினால் அது ஒரே ஒரு பிள்ளையைக் குறிக்கும். அந்த ஒருவர் வளர்ந்துவிட்டால் ஊரின் சிறுவர் விழுக்காடு சுழியாகிவிடும். மேலும், 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், தனியாட்களை அடையாளம் காண இயலாதவாறு, மாநிலத்துக்குக் கீழுள்ள இடங்களின் மக்கள் தொகை எண்களில் சிறு மாற்றங்கள் வேண்டுமென்றே செய்யப்பட்டன. பெரிய நகரங்களில் இம்மாற்றம் புலப்படாது. ஐந்து பேர் உள்ள ஊரில் ஒன்றிரண்டு கூடினாலும் குறைந்தாலும் அது பெரும் வேறுபாடாகும். ஆகவே 2020-இன் எண்ணைத் துல்லியமான தலைக்கணக்காகக் கொள்ளாமல், ஊரின் அளவைக் காட்டும் குறியாகக் கொள்வதே பொருத்தமானது.

சமூகமும் சமயமும்

தொடக்க காலக் குடியேறிகளில் அயர்லாந்தினரும் வேல்சினரும் மிகுந்திருந்தனர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து உக்ரைனியர், போலந்தினர் முதலிய கிழக்கு ஐரோப்பிய மக்களும் சுரங்க வேலைக்காக வந்து சேர்ந்தனர். ஒவ்வொரு மக்கட் குழுவும் தனக்கெனத் தேவாலயத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் அமைத்துக்கொண்டது.

அயர்லாந்து கத்தோலிக்கர்களின் புனித இக்னேசியசு தேவாலயம் 1869-இல் தோன்றியது. ஊர் மக்கள் வெளியேறிய பின்னர் 1997-இல் அக்கட்டடம் இடிக்கப்பட்டது. அதன் கல்லறைத் தோட்டம் மட்டும் இன்றும் பேணப்படுகிறது. தன்னைத் தாக்கியவர்கள்மீது சினமுற்ற அத்தேவாலயத்தின் குரு ஒருவர் ஊர் அழியுமாறு சபித்தார் என்றொரு கதை வழக்கில் உள்ளது. தீயோடு இணைத்துச் சொல்லப்படும் இக்கதை வாய்மொழி மரபைச் சார்ந்ததேயாகும்.

வடக்கே மலைச்சரிவில் 1911-இல் கட்டப்பட்ட உக்ரைனியக் கத்தோலிக்கத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. 1980-களில் இதனையும் அகற்றும் பேச்சு எழுந்தது. அப்போது நடத்திய ஆய்வில், கட்டடத்தின் கீழே இருப்பது நிலக்கரியன்று, உறுதியான பாறையே என்று தெரிய வந்ததால் தேவாலயம் தப்பியது. ஊரைவிட்டுச் சென்றோரும் அவர்தம் வழியினரும் அண்டை ஊர்களிலிருந்து இங்கு வழிபாட்டுக்கு வருகின்றனர். 2016-ஆம் ஆண்டு முதல் இது திருப்பயணத் தலமாகவும் விளங்குகிறது. மக்கள் இல்லாத ஊரில் வழிபடுவோர் உள்ள தேவாலயம் இருப்பது, ஊர் என்பது குடியிருப்போரின் எண்ணிக்கையோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்குச் சான்று எனலாம்.

நிலத்தடித் தீ

1962 மே மாதத்தில், போரில் இறந்தோரை நினைவுகூரும் நினைவு நாளுக்கு முன்னர், ஊரின் குப்பைக் கிடங்கைச் சீர்செய்ய ஊர் மன்றம் முடிவு செய்தது. அக்கிடங்கு, கைவிடப்பட்ட திறந்தவெளிச் சுரங்கக் குழி ஒன்றில், கல்லறைத் தோட்டத்துக்கு அருகில் இருந்தது. அந்நாளில் பலர் கல்லறைகளுக்கு வருவர் என்பதால் குப்பைக்குத் தீ வைத்து எரித்தனர். தீ அணைக்கப்பட்டதாகக் கருதப்பட்டபோதும், குழியில் அடைக்கப்படாமல் இருந்த ஒரு திறப்பின் வழியாக அது நிலக்கரி அடுக்குக்குள் நுழைந்தது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம் ஆகும். இதற்கு மாறான கருத்துகளும் உள்ளன.

தீயை அணைக்கப் பல முறைகள் கையாளப்பட்டன. எரியும் பகுதியைத் தோண்டி எடுத்தல், பள்ளம் வெட்டித் தீயின் வழியை மறித்தல், துளையிட்டு நொறுக்கிய கல்லையும் சாம்பலையும் உட்செலுத்திக் காற்றைத் தடுத்தல் ஆகியவை அவற்றுள் சில. முதல் தோண்டும் பணி 1962-ஆம் ஆண்டிலேயே, ஒதுக்கிய பணம் தீர்ந்ததால் நின்றது. அடுத்தடுத்து வந்த திட்டங்களும் இவ்வாறே முடிந்தன. பழைய சுரங்கப் பாதைகள் ஊருக்கு அடியில் பின்னிக் கிடந்ததால், ஒரு வழியை அடைத்தால் வேறொரு வழியில் தீக்குக் காற்று கிடைத்தது.

1979-இல் ஊரிலிருந்த எரிபொருள் நிலையமொன்றின் நிலத்தடித் தொட்டியில் பெட்ரோலின் வெப்பநிலை ஏறத்தாழ 78 செல்சியசு பாகையாக இருந்தது கண்டறியப்பட்டது. 1981 பிப்ரவரி 14 அன்று 12 வயதுச் சிறுவன் ஒருவன் தன் பாட்டி வீட்டுக் கொல்லையில் திடீரெனப் பிளந்த குழியில் விழுந்து, மரவேரைப் பற்றிக்கொண்டான். உறவினனான மற்றொரு சிறுவன் அவனை வெளியே இழுத்துக் காப்பாற்றினான். குழியிலிருந்து வந்த ஆவியில் உயிரைப் பறிக்கும் அளவுக்குக் கார்பன் மோனாக்சைடு இருந்தது. இந்நிகழ்ச்சி நாடு முழுவதும் செய்தியானது.

1983-இல் வெளியான பொறியியல் ஆய்வொன்று, தீ நூறாண்டுக்கு மேலும் எரியக்கூடும் என்றும், எரியும் பகுதி முழுவதையும் தோண்டி எடுக்க 66 கோடி டாலருக்கு மேல் செலவாகும் என்றும் மதிப்பிட்டது. நிலத்தடி நிலக்கரித் தீ உலகில் வேறு இடங்களிலும் உண்டு. இந்தியாவில் சார்க்கண்டு மாநிலத்தின் ஜரியா நிலக்கரி வயலில் 1916 முதல் தீ எரிந்து வருவது அறியத்தக்கது.

வெளியேற்றமும் பிளவும்

ஊர் மக்கள் அனைவரும் தீயை ஒரே வகையில் உணரவில்லை. தீக்கு அருகிலிருந்த தென்பகுதி வீடுகளில் நச்சுவளியைக் கண்டறியும் கருவிகள் பொருத்தப்பட்டன. சிலர் தலைவலி, மயக்கம் முதலியவற்றால் அவதியுற்றனர். பிற பகுதிகளில் வாழ்ந்தோருக்குக் கண்ணுக்குத் தெரியும் தீங்கு எதுவும் இல்லை. முன்னவர் அரசு தம்மை உடனே இடம்பெயர்க்க வேண்டும் என்றனர். பின்னவர், இடர் மிகைப்படுத்தப்படுகிறது என்றும், தலைமுறைகளாக வாழ்ந்த வீட்டை விட இயலாது என்றும் வாதிட்டனர். அண்டை வீட்டார்களுக்கும் உறவினர்களுக்கும் இடையிலேயே பகைமை வளர்ந்தது. 1983 ஆகஸ்டில் நடந்த, சட்டப்படி கட்டுப்படுத்தாத வாக்கெடுப்பில் 345 பேர் இடம்பெயர்வதை ஆதரித்தும் 200 பேர் எதிர்த்தும் வாக்களித்தனர். இச்சமூகப் பிளவைச் சமூகவியலாளர்கள் ஸ்டீபன் குரோல்-சிமித், ஸ்டீபன் கவுச் ஆகியோர் ஆராய்ந்து 1990-இல் நூலாக வெளியிட்டனர். உண்மையான பேரிடர் தரைக்கு மேலே உள்ளது என்ற பொருள்படும் தலைப்பை அந்நூலுக்கு இட்டனர்.

ஐக்கிய அமெரிக்க நாடாளுமன்றம் இடப்பெயர்வுக்காக 4 கோடியே 20 இலட்சம் டாலருக்கு மேல் ஒதுக்கியது. இத்திட்டத்தின்கீழ் ஆயிரம் பேர் அளவில் வெளியேறினர். ஏறத்தாழ 500 கட்டடங்கள் இடிக்கப்பட்டன. பலர் தொலைவுக்குச் செல்லாமல் மவுண்ட் கார்மல், ஆஷ்லாந்து ஆகிய அண்டை ஊர்களிலேயே குடியேறினர். தெற்கேயிருந்த பர்ன்சுவில் என்னும் சிற்றூரும் இவ்வாறே மறைந்தது. அதன் கடைசி வீடு 1996-இல் இடிக்கப்பட்டது.

சென்ட்ரேலியாவில் பல வீடுகள் பொதுச்சுவர் கொண்ட வரிசை வீடுகளாக இருந்தன. பக்கத்து வீடுகள் இடிக்கப்பட்டதும், எஞ்சிய வீட்டின் சுவர் சாயாமலிருக்கச் செங்கல் முட்டுத்தூண்கள் கட்டப்பட்டன. வரிசையாகப் புகைபோக்கிகள் நிற்பது போன்ற தோற்றத்தை இவை தந்தன.

சட்டப் போராட்டம்

1992-இல் ஆளுநர் பாப் கேசி, பொது நோக்கத்துக்காகத் தனியார் சொத்தை எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தைப் பயன்படுத்தி, ஊரிலுள்ள சொத்துகள் அனைத்தையும் அரசுடைமையாக்க நடவடிக்கை எடுத்தார். இதன்பின் எஞ்சியோர் தம் வீடுகளிலேயே, உரிமை இல்லாதவர்களாக வாழ்ந்தனர். 2002-இல் அஞ்சல் துறை ஊரின் அஞ்சல் குறியீட்டு எண்ணான 17927-ஐ நீக்கியது. 2009-இல் ஆளுநர் எட் ரெண்டல் காலத்தில் வெளியேற்றும் முயற்சி மீண்டும் தொடங்கியது.

எஞ்சியோர் நீதிமன்றத்தை நாடினர். தங்கள் வீடுகள் இருக்கும் இடத்தில் தீயின் தீங்கு இல்லை என்பது அவர்கள் வாதம். ஊருக்கு அடியிலுள்ள விலைமதிப்புமிக்க அந்த்ரசைட்டைக் கைப்பற்றுவதற்காகவே தம்மை வெளியேற்ற முயல்வதாகவும் அவர்கள் குற்றஞ்சாட்டினர். அரசு இதனை மறுத்தது. நிலக்கரி உரிமை பரோவின் பெயரில் இருந்ததால், ஊரில் மக்கள் வாழ்வதும் பரோ நிலைத்திருப்பதும் அவர்களுக்கு வெறும் பற்று மட்டுமன்று, சொத்துரிமைச் சிக்கலாகவும் இருந்தது.

2013 அக்டோபர் 29 அன்று உடன்பாடு எட்டப்பட்டது. இதன்படி எஞ்சியிருந்த ஏழு பேரும் வாழ்நாள் முழுதும் தம் வீடுகளில் இருக்கலாம். அவர்களுக்கு மொத்தம் 3,49,500 டாலர் வழங்கப்பட்டது. ஆனால் வீடுகளை விற்கவோ வழியினருக்கு விட்டுச்செல்லவோ அவர்களுக்கு உரிமை இல்லை. அவர்களது காலத்துக்குப் பின் வீடுகள் அரசைச் சேரும். புதிய குடியேற்றத்துக்கு இடமில்லாததால், ஊரின் மக்கள் தொகை இனி உயர வழியில்லை.

இன்றைய நிலை

ஊரின் தெருக்கள் பெரும்பாலும் மரஞ்செடிகளால் சூழப்பட்டுள்ளன. நெடுஞ்சாலை 61-இன் ஒரு பகுதி, நிலம் விரிந்து பிளந்ததால் 1990-களில் கைவிடப்பட்டு, போக்குவரத்து மாற்றுவழிக்குத் திருப்பப்பட்டது. கைவிடப்பட்ட சாலையில் பார்வையாளர்கள் வண்ண எழுத்துகளையும் ஓவியங்களையும் தீட்டியதால் அது கிராஃபிட்டி நெடுஞ்சாலை எனப் பெயர் பெற்றது. கொரோனா தொற்றுக் காலத்தில் அங்குக் கூட்டம் கூடியதையடுத்து, 2020 ஏப்ரலில் நில உரிமையாளரான தனியார் நிறுவனம் மண் கொட்டி அதனை மூடியது.

2006-இல் வெளிவந்த சைலண்ட் ஹில் திரைப்படத்தின் திரைக்கதையாசிரியர் ரோஜர் ஏவரி, படத்தில் வரும் ஊரைக் கற்பனை செய்யச் சென்ட்ரேலியாவின் வரலாற்றைப் பயன்படுத்திக்கொண்டார். இப்படத்தாலும் இணையத்தாலும் சென்ட்ரேலியா பேய் நகரம் என்று பரவலாக அழைக்கப்படுகிறது. எனினும் இங்கு மனிதர்கள் வாழ்கின்றனர், கல்லறைத் தோட்டங்கள் பேணப்படுகின்றன, தேவாலயத்தில் வழிபாடு நடைபெறுகிறது. சில இடங்களில் நிலம் உள்வாங்கும் இடரும் நச்சுவளி வெளியேறும் இடரும் தொடர்வதால், தீப்பகுதிக்குள் செல்ல வேண்டா என மாநிலச் சுற்றுச்சூழல் துறை எச்சரிக்கிறது.